விண்வெளித் தொலைநோக்கியும் விண்மீன்களும்: சில்வர் பீச்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில், மேகம் இல்லாவிட்டால், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் என் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வைப்பது பல வருடப் பழக்கம். எப்போதாவது புதுச்சேரிக்கும் எடுத்துப் போவேன். பார்க்க வருகிறவர்கள் வியாழனையும் சனியையும் பார்த்து முடித்ததும் போனைத் திறந்து ஹப்பிள், ஜேம்ஸ் வெப் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வரிசையில் ஆள் நிற்கும்போது அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். விண்மீன் மண்டலம் என்று நான் எழுதும் இடங்களில் கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டம் என்று படித்துக்கொள்ளலாம்.

"ஏன் சார், அவ்ளோ செலவு பண்ணி எதுக்கு மேல அனுப்பணும்? மலை உச்சியில வச்சா போதாதா?"

மலை உச்சியிலும் வைத்திருக்கிறோம். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. ஆனால் எந்த மலைக்கும் மேலே காற்று இருக்கத்தான் செய்யும். குளத்தில் முங்கி, தண்ணீருக்குள் இருந்தபடியே கரையில் நிற்பவரைப் பார்த்தால் உருவம் நெளியும் இல்லையா? நாம் காற்றுக் குளத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். விண்மீன் கண் சிமிட்டுவது இதனால்தான். அது அங்கே நிதானமாகத்தான் எரிகிறது, ஆட்டமெல்லாம் நம் காற்றில்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. வருகிற ஒளியில் பல வகைகளைக் காற்று கீழே விடுவதே இல்லை. எக்ஸ் கதிரும் புற ஊதாவின் பெரும்பகுதியும் மேலேயே நின்றுவிடும். நாம் உயிரோடு இருப்பது அதனால்தான். அகச்சிவப்பில் பெரும்பங்கை நீராவி விழுங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றில் நீராவிக்குப் பஞ்சமா? இரவு ஒன்பது மணிக்குள் என் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடுகிறது. அந்த ஒளிகளைப் பிடிக்க வேண்டுமானால் காற்றைத் தாண்டிப் போவதைத் தவிர வழியில்லை.

"அது நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போயி படம் எடுக்குதா?"

குழந்தைகள் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், பெரியவர்களிலும் பலர். ஹப்பிள் பறப்பது பூமிக்கு மேலே சுமார் 500 கிலோமீட்டரில். கடலூரிலிருந்து கன்னியாகுமரி இருக்கும் தூரம்தான், என்ன, மேல்நோக்கிப் போக வேண்டும். வெப் சற்றுத் தள்ளி 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. நிலாவைப் போல நான்கு மடங்கு தூரம். சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய ஆல்ஃபா சென்டாரியோ சுமார் 41 லட்சம் கோடி கிலோமீட்டர். அந்தத் தூரத்தின் முன்னால் 15 லட்சம் எந்த மூலைக்கு?

தொலைநோக்கி எங்கும் போவதில்லை. தூண்டில் போட்டவர் மாதிரி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், வருகிற ஒளியைச் சேர்க்கிறது. கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டிய காரணமும் இதுதான்: வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்க டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

"ஹப்பிள், வெப் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? புதுசு வந்ததும் பழசு வேஸ்ட்டா?"

வேஸ்ட் இல்லை. ஹப்பிள் 1990 ஏப்ரலில் போனது, கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, கொஞ்சம் அகச்சிவப்பு ஆகியவற்றைப் பார்க்கிறது. வெப் 2021 டிசம்பர் 25 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து கிளம்பியது. 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீட்டர் கண்ணாடி அதற்கு. முக்கியமாக அகச்சிவப்பைப் பார்க்கிறது. தூசுக்குள் மறைந்திருக்கும் பிறந்த விண்மீன்களைப் பார்க்க வெப் வேண்டும். இளம் விண்மீன்களின் புற ஊதாவைப் பார்க்க ஹப்பிள் வேண்டும். ஒரே இடத்தை இரண்டும் பார்த்துச் சேர்த்து ஆராய்வதுதான் இப்போது வழக்கம்.

வெப்பின் கண்ணாடி மேல் இருப்பது நிஜத் தங்கம். அகச்சிவப்பைத் தங்கம் போல எதிரொளிப்பது அரிது. மொத்தமாக எவ்வளவு தெரியுமா? சுமார் 48 கிராம். நம் கணக்கில் ஆறு சவரன். அதை அடித்து நீட்டி ஒட்டவில்லை. ஆவியாக்கிப் படிய வைத்திருக்கிறார்கள். அப்புறம், சூடான பொருள் எல்லாமே அகச்சிவப்பை உமிழும் என்பதால் தொலைநோக்கியே குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காக டென்னிஸ் மைதான அளவுக்கு ஐந்தடுக்குக் குடை விரித்திருக்கிறது. குடையின் வெயில் பக்கம் கை வைக்க முடியாத சூடு, நிழல் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே 220 டிகிரிக்கும் அப்பால்.

"மேல போனதுக்கப்புறம் ரிப்பேர் ஆனா என்ன செய்வாங்க?"

ஹப்பிளுக்கு ஆள் போனார்கள். மேலே போனதும் முதல் படங்களே மங்கலாக வந்தன. கண்ணாடியின் விளிம்பைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டிருந்தார்கள். தவறின் அளவு தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. 1993 டிசம்பரில் வீரர்கள் போய், நாம் மூக்குக் கண்ணாடி போடுவது போல, திருத்தும் கண்ணாடிகளைப் பொருத்தி வந்தார்கள். கடைசியாக 2009 மே மாதம் போனார்கள். வெப் இருக்கும் இடத்துக்கு ஆள் போக வழியில்லை. அதனால்தான் அது விரிந்து முடியும்வரை உலகமே பதைபதைத்தது. ராக்கெட் மிகத் துல்லியமாக அனுப்பியதால் மிஞ்சிய எரிபொருள் 20 ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

"நம்ம நாட்டோடது ஏதாவது மேல இருக்கா?"

இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு கொண்டாடுவதில்லை என்பது என் வருத்தம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போன ஆஸ்ட்ரோசாட். சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரே விண்மீனைப் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது. அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடிகள் வெறும் 38 சென்டிமீட்டர்தான். அதை வைத்து, 930 கோடி ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த புற ஊதா ஒளியைப் பிடித்து 2020இல் நம் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆதித்யா எல்1 இதில் சேராது. அது சூரியனை மட்டுமே பார்க்கிறது. வெப் இருப்பது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உள்ள எல்2 புள்ளி, ஆதித்யா இருப்பது சூரியன் பக்கம் உள்ள எல்1. இரண்டும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அமெரிக்காவின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியிலும் நமக்குப் பங்குண்டு, பெயரில். 1999இல் போன அந்தச் சந்திராவுக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் வைத்தார்கள். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், 19 வயதில், எரிந்து முடிந்த விண்மீன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டவர். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

"ஹப்பிளை இங்கிருந்து கண்ணால பார்க்க முடியுமா?"

முடியும்! இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஹப்பிள் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 28.5 டிகிரிக்குள் மட்டும் சுற்றுகிறது. நாம் 12 டிகிரியில் இருக்கிறோம். அதனால் சில நாள்களில் நம் தலைக்கு மேலேயே போகும். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, மேற்கிலிருந்து எழுந்து, சிமிட்டாமல், விமானம் போல விளக்கு மின்னாமல், சில நிமிடங்கள் நகர்ந்துபோகும். திடீரென்று நடுவானில் மங்கிக் காணாமல் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். எந்த நாள், எந்த நிமிடம் என்று சொல்லும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

புதுச்சேரியில் ஒரு அம்மா, "பாரிஸ்ல என் பையன் இருக்கான், அவனையும் பார்க்கச் சொல்லவா?" என்று கேட்டார். அங்கே பார்க்க வாய்ப்பில்லை. பாரிஸ் அவ்வளவு வடக்கே இருப்பதால் ஹப்பிள் அங்கே தொடுவானத்தை விட்டு எழும்புவதே இல்லை எனலாம். நம்மைப் போல நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் காட்சி இது.

"உங்க டெலஸ்கோப்புல எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது. நாசா படம் மட்டும் எப்படி அவ்ளோ கலரு? பொய்தானே?"

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவரின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. வாயுவும் தூசும் சேர்ந்த மேகமான ஓரியன் நெபுலாவை என் தொலைநோக்கியில் பார்த்தால், ஈர விறகு புகைந்த மாதிரி ஒரு சாம்பல் படலம், நடுவே நான்கு ஊசிமுனை வெளிச்சம். மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைப் பிரிக்காது. கருக்கலில் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒன்றாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நிறம் அங்கே இருக்கிறது. நம் கண்ணுக்கு எட்டவில்லை.

விண்வெளித் தொலைநோக்கியின் கருவி எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் ஒரு நேரத்துக்கு ஒரு வடிகட்டியைப் போட்டு எடுக்கிறது. இந்த அலைநீளத்தில் இவ்வளவு ஒளி, அந்த அலைநீளத்தில் அவ்வளவு என்று தனித்தனி எண்கள். பிறகு நீண்ட அலைக்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் கொடுத்துச் சேர்க்கிறார்கள். ஹப்பிள் படங்கள் பலவற்றில் இது கண் பார்க்கும் நிறத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும். வெப் பார்ப்பது அகச்சிவப்பு. அதற்குக் கண்ணில் நிறமே கிடையாது. ஒரு கட்டைச் சுருதியில் பாடியதை ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பாடினால் ராகம் மாறுகிறதா? ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம் அப்படியே இருக்கும். அதே போல நம் காதுக்கு, இல்லை, கண்ணுக்கு எட்டாத சுருதியை எட்டும் இடத்துக்கு ஏற்றித் தருகிறார்கள். பொய் என்று சொல்வது பல நூறு பேர் உழைப்பை ஒரு சொல்லில் தள்ளிவிடுவது. எந்த நிறம் எந்த வடிகட்டி என்பதைப் படத்தோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள், நீங்களே சரிபார்க்கலாம்.

"நட்சத்திரத்தைச் சுத்தி முள்ளு முள்ளா இருக்கே, அது நிஜமா?"

அது தொலைநோக்கியின் கைரேகை. ஒளி அறுகோணக் கண்ணாடியின் விளிம்புகளில் பட்டுச் சிதறுவதால் வெப் படத்தில் ஆறு பெரிய முள், கூடவே சிறு கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தால் கிடைமட்டமாக இரண்டு சிறிய முள். ஹப்பிளில் நான்கு, உள்ளே சிறு கண்ணாடியைத் தாங்கும் சட்டங்களால் வருவது. யாராவது படம் அனுப்பினால் முள்ளை எண்ணியே எது எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

"பழைய காலத்தைப் பார்க்குதுன்னு சொல்றாங்களே, அது எப்படி?"

இதற்குத் தொலைநோக்கியே வேண்டாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலும் நம் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, இருட்டியதும் நிலாவுக்குப் பக்கத்தில் தேடுங்கள். மகம் நட்சத்திரம் இருக்கும், வானியலில் ரெகுலஸ். தூரம் 79 ஒளியாண்டு. இன்று உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி 1940களில் கிளம்பியது. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. மகத்தின் இன்றைய நிலை நமக்கு இன்னும் 79 ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

தூரம் கூடக் கூடக் காலமும் பின்னால் போகும். பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவின் ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு. வெப் பிடித்தவற்றில் மிகத் தொலைவானவற்றுள் ஒன்றின் ஒளி, பிரபஞ்சம் தோன்றி 28 கோடி ஆண்டே ஆகியிருந்தபோது கிளம்பியது. பிரபஞ்சத்தின் இன்றைய வயது 1380 கோடி ஆண்டு. அவ்வளவு காலம் வெளி விரிந்துகொண்டே இருந்ததால் அந்த ஒளியின் அலையும் பாவாடை எலாஸ்டிக் போல இழுபட்டு நீண்டுவிட்டது. புற ஊதாவாகக் கிளம்பியது அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. வெப்பை அகச்சிவப்புக்கு என்றே கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இந்தப் படத்துல சிலது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கே, கேமரா கோளாறா?"

கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் காட்டியது 2022 ஜூலையில் வந்த வெப்பின் முதல் ஆழ்வானப் படம். நான் குனிந்து ஒரே ஒரு மணலை எடுத்து அவள் விரல் நுனியில் வைத்து, கையை நீட்டி வானத்தில் பிடிக்கச் சொன்னேன். அந்த மணல் மறைக்கும் அளவு வானம்தான் முழுப் படமும். அதற்குள் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். கொஞ்ச நேரம் கையை இறக்கவே இல்லை அவள்.

வளைவு கோளாறு இல்லை. படத்தின் நடுவே விண்மீன் மண்டலங்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் எடை அதிகம். எடை இருக்கும் இடத்தில் விண்வெளியே வளைந்திருக்கும், அதன் வழியே வரும் ஒளியும் வளையும். தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் ஒரு எழுத்தைப் பிடித்தால் நீண்டு வளைந்து தெரிவது போல, கூட்டத்துக்குப் பின்னால் மிகத் தொலைவில் இருப்பவை வில்லாக நீள்கின்றன. கூடவே பிரகாசமும் ஆகின்றன. இயற்கை கொடுத்த இலவச லென்ஸ் என்று ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

"தூரத்தை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? டேப்பா வச்சு அளந்தாங்க?"

கட்டை விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். அடுத்து மறு கண். விரல் இடம் மாறித் தெரியும். ஜனவரியிலும் ஜூலையிலும் பூமி சூரியனுக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. அவை இரண்டும் நம் இரண்டு கண்கள். அருகில் உள்ள விண்மீன் பின்னணியில் இருந்து துளி நகரும். அந்த நகர்வை அளந்தால் தூரம் கிடைக்கும். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013 முதல் 2025 வரை ஏறக்குறைய 200 கோடி விண்மீன்களுக்கு இதைச் செய்தது. கார்த்திகைக் கூட்டத்தின் தூரத்தை அதற்கு முந்தைய ஹிப்பார்கஸ் விண்கலம் சுமார் 390 ஒளியாண்டு என்று சொல்ல, மற்ற அளவைகள் ஒத்துவராமல் நெடுநாள் வழக்கு இருந்தது. கையா சுமார் 440 என்று சொல்லி முடித்து வைத்தது.

வேறு விண்மீன் மண்டலங்களுக்கு இந்த முறை போதாது. அங்கே சீரான தாளத்தில் கூடிக் குறையும் சீஃபைடு விண்மீன்களைத் தேடுவார்கள். தாளம் எவ்வளவு மெதுவோ அவ்வளவு உண்மைப் பிரகாசம் என்பதை ஹென்ரியெட்டா லீவிட் என்ற பெண்மணி 1912இல் நிறுவினார். நிஜப் பிரகாசம் தெரியும், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதும் தெரியும். தூரம் தானாக வந்துவிடும். இதை வைத்துத்தான் எட்வின் ஹப்பிள் என்ற வானியலாளர் 1920களில் ஆண்ட்ரோமெடா நம் விண்மீன் மண்டலமான பால்வீதிக்கு வெளியே உள்ளது என்று காட்டினார்.

"வெறும் புள்ளிதான் தெரியுது. அதுல ஹைட்ரஜன் இருக்கு, இரும்பு இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?"

சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ மஞ்சளாகும், கவனித்திருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியம் சூடேறும்போது அந்த மஞ்சளைத்தான் தரும். வேறு தனிமம் அதே மஞ்சளைத் தராது. பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் சோடியம்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனக்கென்று நிறக்கோடுகள் உண்டு. தொலைநோக்கி அந்தப் புள்ளியின் ஒளியை வானவில்லாக விரித்து, எந்தெந்தக் கோடு இருக்கிறது என்று பார்க்கிறது.

அழகான படங்கள்தான் செய்தியில் வரும். ஆனால் வானியலின் உயிர் இந்தக் கோடுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். கோடு சிவப்பை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து, மேலே சொன்ன அலை நீட்சி எவ்வளவு என்று தெரியும். கோட்டின் அகலத்தில் வாயு சுழலும் வேகம் தெரியும். வெப்பம், அழுத்தம், எல்லாம் அந்த வானவில்லில் எழுதியிருக்கிறது.

"தம்பி, திருவாதிரை வெடிச்சிடுமாமே? தரிசனத்துக்கு என்ன ஆகும்?"

சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் உண்மையான கவலையோடு கேட்டார். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை என்றுமில்லாதபடி மங்கியது. வெடிக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஹப்பிளின் புற ஊதாப் பதிவுகள் வேறு கதை சொல்லின. மங்குவதற்குச் சில மாதம் முன்பு விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து சூடான வாயுவைப் பெரிய அளவில் வீசியிருந்தது. அது குளிர்ந்து தூசு மேகமாகி, விண்மீனின் ஒரு பகுதியை மறைத்தது. பிறகு மேகம் கலைந்து வெளிச்சம் திரும்பியது.

வெடிப்பது நிச்சயம், ஆனால் ஒரு லட்சம் ஆண்டு வரை ஆகலாம் என்பது கணிப்பு. தூரம் 500 முதல் 700 ஒளியாண்டுக்குள் என்பதால் நமக்கு ஆபத்தில்லை. மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று முன்னிரவில் கிழக்கே செம்மையாக எழும் அதைப் பாருங்கள் ஐயா என்றேன். பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் மோதிக்கிட்டா நாம காலியா?"

இதில் என் பழைய பதிலைத் திருத்துகிறேன். சுமார் 400 கோடி ஆண்டில் நிச்சயம் மோதும் என்று பல பள்ளிகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். 2012இல் ஹப்பிள் அளவீடுகளை வைத்து அப்படித்தான் அறிவித்தார்கள். 2025இல் ஹப்பிள், கையா தரவுகளைச் சேர்த்து, சுற்றியுள்ள சிறு மண்டலங்களின் ஈர்ப்பையும் கணக்கில் எடுத்துப் பார்த்ததில், அடுத்த 1000 கோடி ஆண்டில் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று வந்திருக்கிறது. மோதினாலும் விண்மீன்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம் இருப்பதால் விண்மீனும் விண்மீனும் முட்டிக்கொள்வது அரிது. இரண்டு கொசுக்கூட்டம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போவதை யோசித்துப் பாருங்கள்.

"பிக் பேங்க் தப்புன்னு வெப் நிரூபிச்சிடுச்சாமே? யூட்யூப்ல பார்த்தேன்."

நிரூபிக்கவில்லை. நடந்தது இது: ஆரம்ப காலத்தில் இவ்வளவு பிரகாசமான விண்மீன் மண்டலங்கள் இவ்வளவு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தன, கருந்துளைகள் எவ்வளவு சீக்கிரம் வளர்ந்தன என்பதில் நம் கணக்கு பிசகியிருக்கிறது. வீடு கட்டிய வேகம் ஆச்சரியம் தருகிறது, அதனால் மனையே இல்லை என்று ஆகிவிடாது. ஒளி இழுபட்டு வருவதும், பிரபஞ்சத்தின் தொடக்கச் சூட்டின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் பின்னணி நுண்ணலையும் அப்படியேதான் இருக்கின்றன.

நிஜமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சீஃபைடு விண்மீன்கள் வழியாக அளந்தால் சுமார் 73 வருகிறது. பின்னணி நுண்ணலையிலிருந்து கணக்கிட்டால் 67. அலகு ஒன்றுதான், விடை இரண்டு. ஹப்பிள் தப்பாக அளந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் வெப்பை வைத்து அதே சீஃபைடுகளை மறுபடி அளந்தார்கள். ஹப்பிள் சரியாகத்தான் அளந்திருந்தது. வித்தியாசம் ஏன் என்பதற்கு இன்னும் விடை இல்லை. இன்று பள்ளியில் படிக்கும் யாராவது கண்டுபிடிக்கலாம்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் விஷயம். நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்வி வந்தால் நான் விடமாட்டேன். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு வால்விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தற்செயலாகப் பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரியைத் தொலைநோக்கியில் பார்த்தபோது அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. உலகில் அதை முதலில் கண்டது இந்தக் கடற்கரையில். வைகாசி முன்னிரவில் தெற்கே தாழ்வாக அது தெரியும்; இரண்டாகப் பிரிவதை என் தொலைநோக்கியிலேயே காட்டுகிறேன். 2024 ஆகஸ்டில் வெப் அதே ஜோடியில் ஒன்றைச் சுற்றி, சனி அளவு எடையுள்ள கோள் போன்ற ஒரு புள்ளியைப் பார்த்தது. அடுத்த வருடம் இரண்டு முறை தேடியபோது அகப்படவில்லை. உறுதி செய்ய இன்னும் பார்க்க வேண்டும்.

அடுத்து லெ ஜாந்தி. ஆண்ட்ரோமெடாவின் பக்கத்தில் இருக்கும் எம் 32 என்ற குட்டி விண்மீன் மண்டலத்தை 1749இல் கண்டவர் அவர்தான். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள்; 1761 கடப்பைக் கப்பலின் ஆட்டத்தில் இருந்தபடி பார்த்தார், அளவீட்டுக்குப் பயனில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியிலேயே ஆய்வகம் கட்டி, 1769 ஜூன் 4 காலை தயாராக நின்றார். மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அவருக்குக் கிடைக்காமல் போனதும் இந்தக் காற்றுக் குளத்தால்தான். ஒவ்வொரு முறை மேகம் வந்து நிகழ்ச்சி ரத்தாகும்போதும் அவரை நினைத்துக்கொள்வேன்.

"என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது. இதுல அது ஏதாவது செய்ய முடியுமா, இல்ல பெரிய விஞ்ஞானிங்களுக்கு மட்டும்தானா?"

இன்றே செய்யலாம். ஹப்பிள், வெப் எடுத்தவை எல்லாம் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. கேட்டுப் பெற்ற ஆய்வாளருக்கு அதிகபட்சம் ஓராண்டு முன்னுரிமை, அதன்பின் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்ட்ரோசாட் தரவும் இஸ்ரோவின் காப்பகத்தில் கிடைக்கிறது. கணினி வேண்டாம், போன் போதும் என்றால் கேலக்ஸி ஜூ என்ற இணையதளம் இருக்கிறது. படத்தைப் பார்த்து, சுருளா உருண்டையா என்று சொல்ல வேண்டும். 2007இல் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதில் விநோதமான ஒரு மேகத்தைக் கவனித்துக் கேட்டார். பிறகு ஹப்பிளே அதைப் பார்க்கத் திரும்பியது.

படிப்பு என்றால்: கணிதம், இயற்பியலை விடக்கூடாது. பி.எஸ்சி. இயற்பியலை எந்த நல்ல கல்லூரியிலும் படிக்கலாம். பிறகு ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் ஜெஸ்ட் அல்லது நெட் எழுதி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனே ஐயூகா போன்ற இடங்களில் ஆராய்ச்சி. உதவித்தொகை உண்டு. இப்போதே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைநோக்கியில் கண் வைப்பதைவிட இந்த வேலையில் அதுதான் அதிகம்.

"ஆழ்கடலுக்குப் போனா வெள்ளி கொட்டிக் கிடக்குமே, கரையில ஏன் இவ்ளோ கம்மி?"

கேட்டவர் மீனவர், எங்கள் எல்லாரையும்விட அதிக வானம் பார்த்தவர். வெள்ளி என்று அவர் சொன்னது விண்மீனை. கரையின் விளக்கு வெளிச்சம் ஈரக் காற்றில் பட்டு வானத்தையே வெளுக்க வைக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல நாள் மின்சாரம் இல்லை. ஒரு பின்னிரவில், நிலா மறைந்ததும், விழுந்த மரங்களுக்கு நடுவே நின்று தெற்கே பார்த்தேன். தென்சிலுவைப் பக்கம் பால்வீதி பாலாகவே ஓடியது. என் தெருவில் அதை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"எல்லாம் போன்லயே வருது. பீச்சுக்கு எதுக்கு வரணும்?"

போனில் இருப்பது படம். இங்கே, 25 லட்சம் ஆண்டு பயணம் செய்த அந்த ஒளியே உங்கள் கண்ணுக்குள் வந்து முடிகிறது. தை முதல் பங்குனி வரை வானம் நன்றாகத் திறந்திருக்கும். ஆண்ட்ரோமெடாவுக்குத் தையிலேயே வந்துவிடுங்கள், வடமேற்கில் சீக்கிரம் இறங்கிவிடும். ஏழு மணிக்கு மேல் வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதுவரை போனைப் பையில் வையுங்கள். டார்ச் எடுத்து வந்தால் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாள் கட்டிக்கொள்ளுங்கள். வரிசை நீண்டால் குழந்தைகளை முன்னால் விடுவேன், பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.